சுரண்டச் சொன்னவன் நான்

தம்பி,

நான் சுகம். உன் அம்மா சுகம். உன் பெண்சாதி சுகமில்லை. அதற்குக் காரணம் நான். இதைச் சொல்லத்தான் கொட்டாஞ்சேனைத் தபால் கந்தோருக்கு முன்னால் வாங்கு போட்டு உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுக்கிற மனிதரிடம் வந்திருக்கிறேன். வீட்டில் வைத்து எழுத வழியில்லை. எனக்கும் உன் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது என்பதும், நம் வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாசிப்பதும் போகிற கடிதத்தை எழுதுவதும் மனோன்மணிதான் என்பதும் உனக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டுதான் போன மாதம் திருகோணமலையிலிருந்து அந்தக் கடிதத்தைப் போட்டாய். மேலே அம்மாவின் பெயரை எழுதிவிட்டால் அம்மாவே வாசித்துவிடுவாள் என்று நினைத்தாயா?

கடிதம் வந்தபோது அவள் குசினியில் கூப்பன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உன் கையெழுத்தைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். நின்றபடியே வாசித்தாள். முதலில் உன் தடிமன் காய்ச்சல், பிறகு அங்கே கிடைக்கிற சாப்பாடு, பிறகு வெள்ளவத்தை மாமா பார்த்திருக்கிற பெண். 'அந்தச் சம்பந்தத்தில் எனக்கு மறுப்பில்லை, அம்மாவின் விருப்பமே என் விருப்பம்' என்ற இடத்தில் அவளுடைய குரல் நின்றது. உன் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மேலை வாசி" என்றாள். வாசித்தாள். 'மனோன்மணியிடம் மனம் நோகாதபடி பக்குவமாகச் சொல்லுங்கள்' என்று நீ எழுதியிருந்ததையும் அவளேதான் எங்களுக்கு வாசித்துச் சொன்னாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கடிதத்தை மடித்து அம்மாவின் மடியில் வைத்தாள். "பக்குவமாச் சொல்லியாச்சு மாமி" என்றாள். பிறகு போய் மிச்ச அரிசியில் கல் பொறுக்கினாள்.

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அந்தக் கோபத்தோடு மூன்று நாள் இருந்து பார்த்தபோது, அது வந்து சேரவேண்டிய இடம் நான்தான் என்று தெரிந்தது. இனி நான் சொல்லப்போவதை ஒரு தகப்பன் வளர்ந்த மகனுக்குச் சொல்கிற வழக்கம் இல்லை. கர்ப்பப்பை என்ற சொல்லைச் சொன்னதும் எழுதுகிறவர் பேனையைத் தூக்கிவிட்டார். "பெரியவர், வேறை மாதிரிச் சொல்லுவமே? வயித்துக் கோளாறு எண்டு போடட்டோ?" என்று கேட்டார். "நான் சொல்லுறதை எழுதும் ஐயா. எல்லாரும் வேறை மாதிரிச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு பெட்டையை ஆறு வருசமாக் கொன்று வைச்சிருக்கிறம்" என்றேன். எழுதுகிறார். எழுதி முடித்ததும் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். எழுத்துத் தெரியாதவன்தான், ஆனால் காதில் விழுந்த எதுவும் என்னை விட்டுப் போனதில்லை. ஒரு சொல் குறைந்தாலும் பிடித்துவிடுவேன்.

தம்பி, உன் பெண்சாதி மலடி இல்லை. கலியாணம் முடித்த ஐந்தாம் மாதமே அவள் வயிற்றில் உன் பிள்ளை இருந்தது. நீ அப்போது பதுளைப் பக்கம் ரயில் கந்தோரில் வேலையாக இருந்தாய். மூன்றாம் மாதம் நிச்சயமான பிறகு உனக்கு எழுதலாம் என்று அவள் வைத்திருந்தாள். அந்த மூன்றாம் மாதத்தில்தான் உன் தங்கச்சி செல்லத்தின் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கியாயிற்று, நம் வாசலில் கன்னிக்கால் நட்டாயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் துடக்குத் தீட்டு வரக்கூடாது; வந்தால் கலியாணத்தைத் தள்ளவேண்டும், தள்ளினால் அந்தச் சம்பந்தம் நிற்காது. கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மனோன்மணிக்குக் கரு கலையத் தொடங்கியது. கிணற்றடியில் குந்தியிருந்தவளை உன் அம்மா கண்டாள். உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவைச் சாத்தினோமே, உன் கடிதம் வரும் வரைக்கும் அதை ஒருவரும் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் படுக்க வைப்பார்கள், நாலு பேருக்குத் தெரியும். அதனால் அடுத்த ஒழுங்கையில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஆஸ்பத்திரி வேலை ஓய்ந்த அப்போதிக்கரியிடம் ரிக்‌ஷோவில் திரை போட்டுக் கொண்டுபோனேன். அந்த மனிதனைக் குற்றம் சொல்லமாட்டேன். "காங்காணியார், அவசரப்படாதேங்கோ. மிச்சம் தானா விழுந்துபோடும். ரெண்டு நாள் படுக்க விடுங்கோ" என்றுதான் சொன்னார். கேட்கவில்லை நான். துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பலில் துரு சுரண்டுகிற கூட்டத்துக்குக் காங்காணியாக நின்றவன். ஒரு பொட்டுத் துருவை விட்டுவிட்டு மேலே சாயம் அடித்தால் ஆறு மாதத்தில் அந்தப் பொட்டு பலகையளவு ஆகும். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டவேண்டும் என்று எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்! அந்தப் புத்தியோடுதான் அங்கேயும் நின்றேன். அவர் உள்ளே மிச்சத்தைச் சுரண்டிவிட்டார். அடுத்த நாளும் கொஞ்சம் கசிகிறது என்று உன் அம்மா சொன்னாள். திரும்பக் கொண்டுபோனேன். "இண்டைக்கு வேண்டாம். இது ஆறுகிற கசிவு" என்றார். "ஒண்டும் மிஞ்சாமல் சுரண்டிவிடுங்கோ. வீட்டிலை கலியாணம்" என்றேன். மயக்க மருந்து குறைவாக இருந்தது. வெளியே வாங்கில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை. நிறுத்தச் சொல்லவுமில்லை.

கலியாணத்தன்று அவள் காய்ச்சல் உடம்போடு தட்டம் தூக்கினாள். அதற்கு முதல்நாள் உன் அம்மா அவளைச் சாமிப்படத்துக்கு முன்னால் நிறுத்தி, நடந்ததை ஒரு உயிருக்கும் சொல்லமாட்டேன் என்று உன் தலையில் சத்தியம் வாங்கினாள். ஓம், உன் தலையில்தான். சொன்னால் உனக்கு ஆகாது என்றாள். செல்லம் புருஷன் வீட்டுக்குப் போய் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்தச் சத்தியத்தை யாரும் அவிழ்த்துவிடவில்லை. இந்த ஆறு வருடமும் மலடி என்றார்கள், செல்லத்தின் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபோது ஆலத்தித் தட்டைத் தொடாதே என்றார்கள், பிள்ளையை மடியில் வாங்கப்போனவளிடம் முதலில் வேறு யாரும் வாங்கட்டும் என்றார்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் வாய்களெல்லாம் அடங்கியிருக்கும். உனக்கு ஏதும் ஆகிவிடும் என்று பயந்து அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை. அப்படிக் காத்த தலைக்குள்தான் நீ வேறு பெண்ணுக்கு இடம் வைத்திருக்கிறாய்.

உன் கடிதம் வந்து நாலாம் நாள் அவள் என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, உங்கடை மகன் செய்யிறதைச் செய்யட்டும். எனக்கு உள்ளுக்கை என்ன நடந்தது எண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும். தனியப் போக ஏலாது. நீங்கள் வருவீங்களோ?" என்று கேட்டாள். மருதானையில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறா என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். நம்முடைய ஊர்ப்பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். போனோம். முன்பு பிள்ளை தரித்ததா, ஏதும் வைத்தியம் செய்ததா என்று டாக்டர் கேட்டா. மனோன்மணி வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டா. மூன்றாம் தரம் கேட்டபோது மனோன்மணி என் பக்கம் திரும்பினாள். "நான் சத்தியம் பண்ணினனான் மாமா. நீங்கள் பண்ணேல்லைத்தானே? நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன் தம்பி. இப்போது உனக்குச் சொல்கிற மாதிரியே, இரண்டாம் நாள் சுரண்டியது வரை. அதற்குப் பிறகு மாதா மாதம் வருவது அவளுக்கு நின்றுபோனது, எப்போதாவது ஒரு பொட்டு மட்டும் காட்டும், வயிறு மட்டும் நாள் தவறாமல் நோகும் என்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அறியவில்லை.

டாக்டர் சோதித்தா. இன்னொரு நாள் வரச் சொல்லி, உள்ளே மருந்து விட்டு எக்ஸ்ரே எடுப்பித்தா. மூன்றாம் நாள் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னா. "மாமாவும் கேக்கட்டும்" என்று மனோன்மணி சொன்னதால் என்னையும் இருத்தினா. அவ சொன்னதை அப்படியே தருகிறேன். "கர்ப்பப்பைக்கு உள்ளுக்கை ஒரு சவ்வு இருக்கு ஐயா. ஒவ்வொரு மாதமும் ஒரு பிள்ளை வரும் எண்டு அது தடிச்சு மெத்தை மாதிரி வளரும். பிள்ளை தரிச்சால் அதிலைதான் ஒட்டும், அதுக்குள்ளைதான் வேர் விடும். தரிக்காட்டில் மேல்பக்கம் உதிர்ந்துபோகும். அதைத்தான் நீங்கள் துடக்கு எண்டுறியள். அடிப்பக்கம் உதிராது. அதிலையிருந்துதான் அடுத்த மாதம் திரும்ப வளரும். இந்தப் பிள்ளைக்கு அந்த அடிப்பக்கத்தையும் வழிச்சுப்போட்டினம். புண் ஆறேக்கை முன்சுவரும் பின்சுவரும் சில இடங்களிலை ஒண்டோடை ஒண்டு ஒட்டிப்போச்சு. மற்ற எல்லாம் நல்லாயிருக்கு. கரு வந்தாலும் அது ஒட்டிறதுக்கு இடமில்லை." நான் என் தொழிலைச் சொன்னேன், ஏன் அப்படிச் சுரண்டச் சொன்னேன் என்றும் சொன்னேன். டாக்டர் படத்தை மேசையில் வைத்தா. "இரும்பைச் சுரண்டினால் இரும்பு மிஞ்சும் ஐயா. இதைச் சுரண்டினால் தழும்புதான் மிஞ்சும்" என்றா. பிறகு, "இவவின்ரை புருசனைச் சோதிச்சவையோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். "அவரை ஒருத்தரும் கேக்கேல்லை என்ன?" என்று சிரித்தா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது.

நாற்பது வருடமாக உன் அம்மாவோடு குடும்பம் நடத்துகிறேன். மாதத்தில் மூன்று நாள் அவள் பின்னறையில் வேறு பாய், வேறு கோப்பையோடு இருப்பாள். தண்ணீர்ச் செம்பைக்கூட எட்டி நின்றுதான் வைப்பேன். அழுக்கு என்று நினைத்தேன். உனக்கும் தங்கச்சிக்கும் இடையில் அவளுக்கும் ஒன்று கலைந்தது. அன்றைக்கு நான் கப்பலுக்கு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து சோறு எங்கே என்று கேட்டேன். நீ ஒட்டி வளர்ந்த இடத்துக்குத்தான் நான் அழுக்கு என்று பெயர் வைத்திருந்தேன். இதை நீ வேறு யாரிடமும் கேட்கமாட்டாய், அதனால் என்னிடம் கேட்டுக்கொள்: பெண்சாதியின் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளிடமே கேள். வெட்கப்படாதே. நான் வெட்கப்பட்டதன் விலையை அவள் கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா வெள்ளவத்தையிலிருந்து வந்தார். புதுப் பெண்ணின் சாதகக் குறிப்பும் கையில் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இஞ்சாருங்கோ, பெடியன்ரை தலையிலை வாங்கின சத்தியம்! வாயை மூடுங்கோ!" என்று கத்தினாள். "சத்தியம் வாங்கினது நீ. சுரண்டச் சொன்னது நான். ரெண்டு பேருக்கும் இருக்கிற தலை காணாதெண்டு அவன்ரை தலையை ஏன் இழுத்தனி?" என்றேன். மாமா தொண்டையைச் செருமினார். "அத்தான், உங்களுக்குக் கையெழுத்தே வராது. டாக்குத்தர் சொன்னது உங்களுக்கு எப்பிடி விளங்கும்?" என்றார். டாக்டர் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தேன். "நீ கந்தோரிலை எழுதி வைச்சும் மறக்கிறாய், நான் எழுதாமலே வைச்சிருக்கிறன்" என்றேன். அவர் விடவில்லை. "எல்லாம் சரி. விளையாத காணியை வைச்சிருந்து என்ன செய்யிறது? அவளோடை கலியாண எழுத்தும் நடக்கேல்லை, பதிவும் இல்லைத்தானே. சட்டப்படி ஒரு தடையும் இல்லை" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் ஏறியது. "அவள் காணி இல்லையடா, மனிசி. காணி எண்டு வைச்சாலும், விளைஞ்சு நிண்டதை அழிச்சவன் உனக்கு முன்னாலை இருக்கிறன். குறிப்பை எடுத்துக்கொண்டு போ" என்றேன். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார். அதை ஆள்விட்டு அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் வந்து மனோன்மணியிடம் கேட்டு வாங்கட்டும்.

செல்லத்துக்கும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அப்பா. நான் கலியாணத்தைத் தள்ளிப்போட்டிருப்பன்" என்றாள். நாங்கள் அவளையும் கேட்கவில்லை. குடும்ப மானம் என்று சொல்லிக்கொண்டு, அந்த வீட்டிலிருந்த இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தியையும் நாங்கள் கேட்கவில்லை. இப்போது சாதிசனம் என்ன சொல்லும் என்று உன் அம்மா பயப்படுகிறாள். சொல்லட்டும். கோயில் வீதியில் நின்று கேட்பவருக்கெல்லாம் நானே சொல்வேன். இந்த வயதில் எனக்கு இனி யார் பெண் கொடுக்கவேண்டும், யார் பெண் எடுக்கவேண்டும்? ஆனால் உன் அம்மாவை நீ வெறுக்காதே. அவள் பயத்தில் செய்தாள். நான் கெட்டித்தனத்தில் செய்தேன். என்னுடையதுதான் பெரியது.

பிள்ளை கிடைக்குமா என்று கேட்பாய். டாக்டரிடம் மனோன்மணி கேட்டாள். ஒட்டியதைப் பிரித்துப் பார்க்கலாம், சவ்வு திரும்ப வளருமென்று உறுதி சொல்ல ஏலாது, திரும்பவும் ஒட்டலாம், வீண் ஆசை தரமாட்டேன் என்றா. அந்த வைத்தியம் செய்வதா விடுவதா என்பது மனோன்மணியின் பாடு. பேரப்பிள்ளை வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன், உன் அம்மாவையும் கேட்க விடமாட்டேன். அவள் உடம்பில் இந்த வீட்டார் ஒருதரம் முடிவெடுத்தது காணும். நீ பிள்ளைக்காக அவளோடு இருக்கிறதானாலும் எனக்கு வேண்டாம். பிள்ளை இல்லாமலும் இருப்பதற்கு மனமிருந்தால் மட்டும் வா.

வருகிற வெள்ளிக்கிழமை மாமா பெண் வீட்டாரைக் கூட்டிவரப் போகிறாராம். என்னை மீறி உன் அம்மாவிடம் வாக்கு வாங்கலாம் என்று நினைப்பு. வாசலில் நான் கதிரை போட்டு இருப்பேன். அவர்களுக்கும் இதே கதையை முதலிலிருந்து சொல்வேன். தங்கள் பெண்ணை அதற்குப் பிறகும் தரத் துணிவார்களா என்று பார்ப்போம். அன்றைக்குத் தாலி கட்டின கையோடு எழுத்தையும் முடித்திருக்கவேண்டும். பிறகு பார்ப்போம் என்று சோம்பலில் விட்டவனும் நான்தான். கலியாணம் பதிகிற றெஜிஸ்தாரிடம் போய் விசாரித்தேன். இரண்டு பேரும் வரவேண்டும் என்றார். சாட்சிக்குக் கைநாட்டு வைக்கலாமா என்று கேட்டேன், வைக்கலாம் என்றார். லீவு எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை ரயிலில் ஏறினால் விடிய மருதானைக்கு வந்துவிடுவாய்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. எல்லாம் உன் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வராதே. நேற்று மனோன்மணியிடம், "பிள்ளை, அவன் வந்தால் எழுத்துக்குச் சம்மதமோ?" என்று கேட்டேன். காயவைத்த உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள், உன் சட்டை ஒன்றும் அதில் இருந்தது. "அதை நீங்கள் ஏன் மாமா கேக்கிறியள்? அவர் வந்து என்னைக் கேக்கட்டும்" என்றாள்.

வந்து கேள்.